பிறந்த குழந்தைக்கு மார்க்கு போட்ட டாக்டர் அம்மாள்

குழந்தை பிறந்து விட்டது. ஆனால் அழவில்லை.

உடல் நீலம் பாரித்து இருக்கிறது. கையும் காலும் வாழைத்தண்டு போலத் துவண்டு கிடக்கின்றன. மூச்சு இல்லை.

அறைக்கு வெளியே தகப்பன் காத்து நிற்கிறான். பாட்டி சாமியை வேண்டிக் கொண்டு இருக்கிறாள். உள்ளே என்ன நடக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது.

இந்த நேரத்தில் டாக்டர் என்ன செய்ய வேண்டும்? எதை முதலில் பார்க்க வேண்டும்? எத்தனை நேரத்துக்குள் பார்க்க வேண்டும்?

இன்று இதற்கு எல்லா ஆஸ்பத்திரிகளிலும் விடை உண்டு. 75 ஆண்டுகளுக்கு முன்னால் உலகத்தின் பெரிய பெரிய ஆஸ்பத்திரிகளில் கூட, எல்லோரும் ஒப்புக்கொண்ட விடை இல்லை. குழந்தையைத் தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டுவார்கள். சூடான தண்ணீரிலும் குளிர்ந்த தண்ணீரிலும் மாற்றி மாற்றி முக்குவார்கள். அழுதால் நல்லது. அழாவிட்டால், இது பிழைக்காது என்று ஒரு பக்கமாகக் கிடத்தி விட்டுத் தாயைக் கவனிக்கப் போய் விடுவார்கள். மூச்சுக்குத் திணறிய எத்தனையோ குழந்தைகள், செத்தே பிறந்தவை என்று கணக்கில் எழுதப்பட்டன.

அந்தக் குழந்தைகளைத் திரும்பிப் பார்க்க வைத்தவர் ஒரு பெண். அவர் பெயர் டாக்டர் வர்ஜீனியா அப்கார்.

விஞ்ஞானி வீட்டுப் பெண்

வர்ஜீனியா 1909-ம் ஆண்டு ஜூன் 7-ந் தேதி பிறந்தார். ஊர், அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலத்தைச் சேர்ந்த வெஸ்ட்ஃபீல்டு.

தகப்பனார் சார்லஸ் அப்கார், இன்சூரன்சு கம்பெனியில் வேலை பார்த்தவர். ஆனால் மனம் எல்லாம் விஞ்ஞானத்தில்தான். வீட்டிலேயே சோதனைச் சாலை வைத்து இருந்தார். இரவில் வானத்தை ஆராய்வார். வானொலி அலைகளைப் பிடிப்பார். முதல் உலகப்போர் நடந்துகொண்டு இருந்த 1915-ல், ஜெர்மானியருக்குச் சொந்தமான ஒரு கம்பியில்லாத் தந்தி நிலையம் அமெரிக்க மண்ணில் இருந்து ரகசியச் செய்தி அனுப்பியது. அதை மெழுகு உருளையில் பதிவு செய்து பிடித்துக் கொடுத்தவர் இவர்தான்.

குடும்பத்தில் எல்லோருக்கும் சங்கீதம் தெரியும். வர்ஜீனியா சிறு வயதிலேயே வயலின் கற்றார்.

அந்த வீட்டில் நோயும் இருந்தது. ஓர் அண்ணன் காச நோயால் சிறு வயதிலேயே இறந்தான். இன்னோர் அண்ணன் நீண்ட நாள் நோயாளி. டாக்டருக்குப் படிக்க வேண்டும் என்ற ஆசை வர்ஜீனியாவுக்குச் சின்ன வயதிலேயே வந்து விட்டது.

பூனை பிடித்த மாணவி

மவுண்ட் ஹோலியோக் என்ற பெண்கள் கல்லூரியில் விலங்கியல் படித்தார். கையில் பணம் இல்லை. உதவிச் சம்பளம் கொஞ்சம் கிடைத்தது. மீதிக்கு வேலை செய்ய வேண்டும். என்ன வேலை கிடைத்தாலும் செய்தார். அதில் ஒன்று, கல்லூரிச் சோதனைச் சாலைக்குத் தெருப் பூனைகளைப் பிடித்துக் கொடுப்பது!

பூனையும் பிடித்தார், டென்னிசும் ஆடினார், நாடகத்தில் நடித்தார், கல்லூரிப் பத்திரிகைக்கு எழுதினார், வாத்தியக் குழுவில் வயலின் வாசித்தார். இத்தனைக்கும் அவருக்கு நேரம் எப்படிக் கிடைத்தது என்று கூடப் படித்தவர்கள் ஆச்சரியப்பட்டார்கள்.

1929-ல் நியூயார்க் நகரத்துக் கொலம்பியா பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். வகுப்பில் 90 பேர். அதில் பெண்கள் 9 பேர்தான். சேர்ந்த சில வாரங்களில் அமெரிக்காவில் பங்கு மார்க்கெட் விழுந்தது. நாடு முழுவதும் பஞ்சம். வர்ஜீனியா கடன் வாங்கிப் படித்தார். 1933-ல் பட்டம் பெற்றபோது வகுப்பில் 4-வது இடம். தலைக்கு மேல் சுமார் 4 ஆயிரம் டாலர் கடன்.

கத்தி கையை விட்டுப் போனது

அவருக்கு ஆபரேஷன் டாக்டர் ஆக வேண்டும் என்று ஆசை. அதற்கான பயிற்சியிலும் சேர்ந்து நன்றாகச் செய்தார். ஆனால் அவருடைய தலைவர் டாக்டர் ஆலன் விப்பிள் அவரைக் கூப்பிட்டு, இந்த வழி வேண்டாம் என்று புத்தி சொன்னார்.

ஏன்? கையில் திறமை இல்லை என்று அல்ல. பெண் டாக்டரிடம் ஆபரேஷன் செய்துகொள்ள அந்தக் காலத்தில் ஜனங்கள் வரவில்லை. விப்பிளிடம் பயிற்சி பெற்ற வேறு பெண்கள் பிழைப்பு நடத்த முடியாமல் கஷ்டப்பட்டதை அவர் பார்த்து இருந்தார். கடனோடு நிற்கும் பெண்ணை அந்தக் கிணற்றில் தள்ள அவருக்கு மனம் இல்லை.

அவர் காட்டிய வழி, மயக்க மருந்துத் துறை.

அப்போது ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுப்பது பெரும்பாலும் நர்சுகளின் வேலை. டாக்டர்கள் அதை மதிக்கவில்லை. ஆனால் ஆபரேஷன் கலை வளர வேண்டுமானால் மயக்க மருந்துக் கலையும் வளர வேண்டும் என்பது விப்பிளுக்குத் தெரிந்து இருந்தது.

இது வஞ்சனையா, வாழ்த்தா என்று இன்றும் சொல்ல முடியாது. ஓர் ஆண் மாணவனுக்கு அவர் இந்தப் புத்தியைச் சொல்லி இருக்க மாட்டார். அது நியாயம் இல்லை. ஆனால் அந்த அநியாயம் நடக்காமல் இருந்தால் வர்ஜீனியா பிரசவ அறைக்குள் வந்தே இருக்க மாட்டார்.

முதலில் நர்சுகளிடமே தொழில் கற்றார். பிறகு மாடிசன் நகரத்தில் டாக்டர் ரால்ப் வாட்டர்சிடம் ஆறு மாதம் படித்தார். எல்லோரும் ஆண்கள். இவருக்குத் தங்குவதற்கு இடம் கிடைப்பதே பெரும்பாடாக இருந்தது. 1938-ல் கொலம்பியா ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வந்து மயக்க மருந்துப் பிரிவின் தலைவர் ஆனார். அந்த ஆஸ்பத்திரியில் ஒரு பிரிவுக்குத் தலைமை வகித்த முதல் பெண் இவர்தான்.

தலைவர் என்றால் பெரிய படை என்று நினைக்க வேண்டாம். முதல் இரண்டு ஆண்டு அவரே தலைவர், அவரே தொண்டர். சம்பளத்துக்கும் மரியாதைக்கும் ஆபரேஷன் டாக்டர்களோடு மல்லுக்கட்ட வேண்டி இருந்தது.

1949-ல் அந்த மருத்துவக் கல்லூரியில் முழுப் பேராசிரியர் பதவி பெற்ற முதல் பெண் ஆனார். ஆனால் அந்த ஆண்டு மயக்க மருந்துத் துறை தனித் துறை ஆனபோது தலைமைப் பதவி அவருக்குக் கிடைக்கவில்லை. டாக்டர் இமானுவேல் பாப்பர் என்பவருக்குப் போயிற்று. 11 ஆண்டு கட்டி வளர்த்தவருக்கு இது வலித்து இருக்கும். அவர் புலம்பவில்லை. நிர்வாக வேலை போனதால் நேரம் கிடைத்தது. அந்த நேரத்தைப் பிரசவ அறையில் செலவழித்தார்.

சாப்பாட்டு மேஜையில் பிறந்த கணக்கு

அங்கே அவர் கண்ட காட்சி அவரை உறுத்தியது.

அமெரிக்காவில் அப்போது குழந்தைச் சாவு ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டு வந்தது. ஆனால் பிறந்த முதல் நாளில் சாகும் குழந்தைகளின் கணக்கு மட்டும் குறையவே இல்லை. எல்லோரும் தாயையே பார்த்தார்கள். பிறந்த குழந்தையை முறைப்படி பார்க்க ஆள் இல்லை.

ஒரு நாள் காலை. ஆஸ்பத்திரிச் சாப்பாட்டு அறை. ஒரு மாணவர் அவரிடம் கேட்டார்: பிறந்த குழந்தை எப்படி இருக்கிறது என்று எதை வைத்துச் சொல்வது?

அது சுலபம் என்றார் அப்கார். பக்கத்தில் கிடந்த காகிதம் ஒன்றை எடுத்தார். சாப்பிட்ட தட்டை எடுத்து வைக்கும்படி கேட்டுக்கொள்ளும் அறிவிப்புக் காகிதம் அது. அதில் ஐந்து விஷயங்களை எழுதினார். எழுதி முடித்ததும், சரியாக வருகிறதா என்று சோதித்துப் பார்க்கப் பிரசவ அறைக்கு ஓடினார்.

அந்த ஐந்து விஷயங்கள் என்ன?

இருதயம் துடிக்கிறதா? நிமிடத்துக்கு 100 தடவைக்கு மேல் துடித்தால் 2 மார்க்கு. அதற்குக் கீழே என்றால் 1. துடிப்பே இல்லை என்றால் 0.

மூச்சு விடுகிறதா? வாய்விட்டு அழுதால் 2. விட்டு விட்டு மூச்சு வந்தால் 1. இல்லை என்றால் 0.

தொட்டால் உணர்ச்சி இருக்கிறதா? மூக்கில் மெல்லிய குழாயை வைத்தால் தும்மியோ இருமியோ எதிர்ப்புக் காட்டினால் 2. முகத்தை மட்டும் சுளித்தால் 1. ஒன்றும் இல்லை என்றால் 0.

சதையில் முறுக்கு இருக்கிறதா? கை காலை உதைத்தால் 2. லேசாக மடக்கினால் 1. துவண்டு கிடந்தால் 0.

நிறம் எப்படி? உடல் முழுவதும் சிவந்து இருந்தால் 2. உடல் சிவந்து, கை கால் மட்டும் நீலமாக இருந்தால் 1. முழுவதும் நீலம் அல்லது வெளுப்பு என்றால் 0.

மொத்தம் 10 மார்க்கு. அவ்வளவுதான்!

இதற்குக் கருவி வேண்டாம். மின்சாரம் வேண்டாம். கண்ணும் காதும் கையும் ஒரு கடிகாரமும் போதும். குழந்தை பிறந்த ஒரு நிமிடத்தில் போட வேண்டும். பிறகு ஐந்தாவது நிமிடத்திலும் போடும் வழக்கம் வந்தது. முதல் மார்க்குக்கும் அடுத்த மார்க்குக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்தால், குழந்தை தேறுகிறதா என்று தெரிந்து விடும்.

இதில் அப்கார் ஒரு நிபந்தனை வைத்தார். பிரசவம் பார்த்த டாக்டர் மார்க்கு போடக்கூடாது. வேறு ஆள்தான் போட வேண்டும். தன் கையால் எடுத்த குழந்தைக்கு யார்தான் குறைத்துப் போடுவார்கள்? பரீட்சை எழுதியவனே விடைத்தாளையும் திருத்தக்கூடாது அல்லவா!

மார்க்கு என்ன செய்தது?

1952-ல் இந்த முறையை மயக்க மருந்து டாக்டர்களின் மாநாட்டில் எடுத்துச் சொன்னார். 1953-ல் கட்டுரை வெளிவந்தது. அதில் இருந்த கணக்கு எல்லோரையும் திடுக்கிட வைத்தது. 8, 9, 10 மார்க்கு வாங்கிய குழந்தைகளில் ஆயிரத்துக்கு ஒன்று அளவில்தான் இறந்து இருந்தன. 0, 1, 2 மார்க்கு வாங்கிய குழந்தைகளிலோ நூற்றுக்கு 14 இறந்து இருந்தன.

நூற்றுக்கு 14 இறந்தன என்றால், மீதி 86 பிழைத்தன என்று பொருள். பிழைக்காது என்று ஒதுக்கி வைக்கப்பட்டவை இந்த மாதிரிக் குழந்தைகளே!

மார்க்கு போட வேண்டும் என்றால் குழந்தையின் பக்கத்தில் ஓர் ஆள் நிற்க வேண்டும். உற்றுப் பார்க்க வேண்டும். பார்த்தவர் 2 என்று எழுதி விட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்க முடியுமா? மூச்சுப் பாதையைச் சுத்தம் செய்தார்கள். பிராணவாயு கொடுத்தார்கள். உடம்பைச் சூடாக வைத்தார்கள். அடுத்த தடவை மார்க்கு உயர வேண்டும் என்று டாக்டர்களுக்குள் போட்டியே வந்து விட்டது.

தாய்மார்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். இந்த மார்க்கு, குழந்தையின் புத்தியை அளக்கும் மார்க்கு அல்ல. பிறந்த நிமிடத்தில் 5 வாங்கிய குழந்தை பிறகு பள்ளிக்கூடத்தில் முதலாவதாக வரலாம். முதல் நிமிடத்தில் 10-க்கு 10 வாங்கும் குழந்தைகள் மிகக் குறைவு. கையும் காலும் சிவக்கக் கொஞ்ச நேரம் ஆகும் என்பதால் 9 வாங்கினாலே கெட்டிக்காரக் குழந்தைதான். நம் குழந்தைகளின் மாநிறத்தில் நிறம் பார்ப்பது கஷ்டம் என்று பயப்பட வேண்டாம். நாக்கையும் உதட்டின் உட்புறத்தையும் பார்த்தால் தெரிந்து விடும்.

இன்னொன்று. மூச்சு விடாத குழந்தைக்கு ஒரு நிமிடம் ஆகட்டும் என்று இப்போது யாரும் காத்து இருப்பது இல்லை. பிறந்த கணமே வேலையைத் தொடங்கி விடுகிறார்கள். மார்க்கு கூடவே நடக்கிறது.

தன் தப்பைத் தானே கண்டுபிடித்தார்

மார்க்கு குறைந்த குழந்தைகளுக்கு என்ன நேர்ந்தது? இதைக் கண்டுபிடிக்க டாக்டர் ஸ்டான்லி ஜேம்ஸ், டாக்டர் டங்கன் ஹாலடே என்ற இருவருடன் சேர்ந்து ஆராய்ச்சி செய்தார். குழந்தையின் தொப்புள்கொடி ரத்தத்தைச் சோதித்தார்கள்.

பிறந்தவுடன் குழந்தையின் ரத்தத்தில் பிராணவாயு குறைவாக இருப்பது சகஜம், தானாகச் சரியாகி விடும் என்றுதான் அதுவரை நம்பி இருந்தார்கள். அது தப்பு என்று தெரிந்தது. பிராணவாயு குறைந்து, ரத்தத்தில் புளிப்புத்தன்மை ஏறிய குழந்தைகளே குறைந்த மார்க்கு வாங்கின. அவற்றுக்கு உடனே உதவி தேவை.

அடுத்துத் தெரிந்த விஷயம் அப்காரின் தலையிலேயே விழுந்தது.

பிரசவ வலி தெரியாமல் இருக்கத் தாய்மார்களுக்குச் சைக்ளோபுரோப்பேன் என்ற வாயுவைக் கொடுத்து வந்தார்கள். அப்காருக்கு அந்த வாயு மிகவும் பிடிக்கும். தாய்க்கு அது சுகம்தான். ஆனால் அந்த வாயு தாயின் ரத்தம் வழியாகக் குழந்தைக்கும் போய்ச் சேர்ந்தது. குழந்தை சோர்ந்து, துவண்டு பிறந்தது.

எத்தனையோ தாய்மார்களுக்கு அதைக் கொடுத்தது அவருடைய கை. தன் மார்க்குக் கணக்கே தனக்கு எதிராகச் சாட்சி சொன்னது. வேறு காரணம் தேடி இருக்கலாம். பூசி மெழுகி இருக்கலாம். அவர் செய்யவில்லை. தனக்குப் பிடித்தமான வாயு அன்றோடு போயிற்று என்று ஒப்புக்கொண்டு அதைப் பிரசவத்துக்குப் பயன்படுத்துவதை நிறுத்தினார். ஆராய்ச்சி முடிவு வெளிவந்ததும் மற்ற டாக்டர்களும் கைவிட்டார்கள்.

கைப்பையில் கத்தி

பெண்களின் கைப்பையில் என்ன இருக்கும்? சீப்பு இருக்கும், கண்ணாடி இருக்கும், சில்லறை இருக்கும். அப்காரின் பையில் ஒரு பேனாக் கத்தியும், தொண்டைக்குள் செலுத்தும் மூச்சுக் குழாயும், தொண்டையைப் பார்க்கும் கருவியும் இருந்தன.

தெருவில் விபத்து நடக்கலாம். ஓட்டலில் யாருக்காவது தொண்டையில் அடைக்கலாம். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகும் வரையில் மூச்சு காத்து இருக்காது. என் எதிரில் யாரும் மூச்சு நின்று சாக விட மாட்டேன் என்பது அவருடைய சபதம். அதனால் பை எப்போதும் தயார்.

மிக வேகமாகப் பேசுவார். வேகமாகக் காரும் ஓட்டுவார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சமைக்கத் தெரிந்த ஆண்பிள்ளை கிடைக்கவில்லை என்று வேடிக்கையாகச் சொல்வார்!

இரண்டாவது வாழ்க்கை

50 வயது நெருங்கும்போது, எல்லோரும் ஓய்வைப் பற்றி நினைப்பார்கள். இவர் மறுபடியும் மாணவி ஆனார். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பொதுச் சுகாதாரம் படித்து 1959-ல் பட்டம் பெற்றார்.

அதே ஆண்டு ஒரு பெரிய தர்ம ஸ்தாபனத்தில் சேர்ந்தார். இளம்பிள்ளை வாதத்தை ஒழிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் தொடங்கிய ஸ்தாபனம் அது. தடுப்பு மருந்து வந்து விட்டதால், பிறவிக் குறைகளைத் தடுக்கும் வேலையில் அது இறங்கி இருந்தது. அந்தப் பிரிவுக்கு அப்கார் தலைவர் ஆனார். ஊர் ஊராகப் போய்ப் பேசினார். ஊனமாகப் பிறந்த குழந்தையை வீட்டுக்குள் மறைத்து வைத்து, முன்வினை என்று அழுதுகொண்டு இருந்த பெற்றோர்களிடம், இது பாவமும் அல்ல, வெட்கமும் அல்ல, இதற்குக் காரணம் உண்டு, பலவற்றைத் தடுக்கவும் முடியும் என்று விளக்கினார்.

1964-65-ல் அமெரிக்காவில் ருபெல்லா என்னும் ஜெர்மன் அம்மை கொள்ளை நோயாகப் பரவியது. பெரியவர்களுக்கு அது லேசான காய்ச்சலும் தடிப்பும்தான். கர்ப்பிணிக்கு வந்தால் வயிற்றில் உள்ள குழந்தையைத் தாக்கும். அந்த ஒரு நோயால் சுமார் 20 ஆயிரம் குழந்தைகள் கண், காது, இருதயக் கோளாறுகளோடு பிறந்தன. வெள்ளம் வந்தால் வீடு இடிவது கண்ணுக்குத் தெரியும். இந்த ஆபத்து சத்தம் இல்லாமல் வந்து, மாதங்கள் கழித்துத் தொட்டிலில் தெரிந்தது. 1969-ல் தடுப்பு ஊசிக்கு அனுமதி கிடைத்தபோது, அடுத்த கொள்ளை நோய் வருவதற்குள் குழந்தைகளுக்குப் போட்டு விட வேண்டும் என்று அப்கார் ஓயாமல் சொல்லி வந்தார்.

டெலிபோன் பலகை திருடிய கதை

இவ்வளவு பெரிய டாக்டர் ஒரு தடவை திருடினார் என்றால் நம்புவீர்களா?

கார்லீன் ஹட்சின்ஸ் என்ற பள்ளி ஆசிரியை, ஆபரேஷனுக்காக அவருடைய ஆஸ்பத்திரிக்கு வந்தார். அந்த அம்மாளுக்கு வயலின் போன்ற வாத்தியங்களைச் செய்யத் தெரியும். இருவரும் சினேகிதிகள் ஆனார்கள். அப்காரும் வாத்தியம் செய்யக் கற்றார். பகல் முழுவதும் ஆஸ்பத்திரி. இரவில் படுக்கை அறையில் உளியும் மரமும்.

ஆஸ்பத்திரி வாசலில் ஒரு டெலிபோன் அறை. அதில் இருந்த பலகை அருமையான மேப்பிள் மரம். வாத்தியத்தின் முதுகுப் பலகைக்கு அளவெடுத்தாற்போல் இருந்தது. முறைப்படி கேட்டார்கள். நிர்வாகம் தர மறுத்து விட்டது.

1957-ல் ஓர் இரவு. இரண்டு பெண்களும் கருவிகளோடு வந்தார்கள். ஹட்சின்ஸ் பலகையைக் கழற்றினார். அப்கார் காவல் நின்றார். பதிலுக்கு வைக்கக் கொண்டுவந்த பலகை கொஞ்சம் நீளமாகப் போய் விட்டது. பெண்கள் ஓய்வறைக்குள் போய் ரம்பத்தால் அறுத்தார் ஹட்சின்ஸ். அந்தப் பக்கம் வந்த நர்சு, உள்ளே என்ன சத்தம் என்று திகைத்து நின்றாள். ரிப்பேர் வேலைக்காரர்களுக்கு இரவில்தான் உள்ளே வர முடிகிறது என்று அப்கார் முகம் மாறாமல் சொல்லி அனுப்பி விட்டார்!

அந்தப் பலகை, வயோலா என்ற பெரிய வயலினின் முதுகாக மாறியது. இப்படி அவர் நான்கு வாத்தியங்கள் செய்தார்.

ஐம்பது வயதுக்கு மேல் ஆகாய விமானம் ஓட்டவும் கற்றுக்கொண்டார். மீன் பிடிப்பார். தபால் தலை சேர்ப்பார்.

பெயர் நின்றது

1960-களின் தொடக்கத்தில் டாக்டர் பட்டர்ஃபீல்டு என்பவர், அப்கார் என்ற பெயரின் ஐந்து ஆங்கில எழுத்துகளும் ஐந்து சோதனைகளின் முதல் எழுத்தாக வரும்படி அமைத்தார். மாணவர்கள் சுலபமாக மனப்பாடம் செய்தார்கள். அதனால் ஒரு வேடிக்கையும் நடந்தது. அப்கார் என்பது ஒரு சோதனையின் பெயர் என்றே பலரும் நினைத்துக்கொண்டார்கள். அப்படி ஓர் ஆள் உண்டா என்று அவரிடமே கேட்டவர்கள் உண்டு. அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார் அவர்.

உங்கள் வீட்டுக் குழந்தை ஆஸ்பத்திரியில் பிறந்து இருந்தால், அங்கே கொடுத்த சீட்டை எடுத்துப் பாருங்கள். அப்கார் என்று எழுதி, பக்கத்தில் 8 என்றோ 9 என்றோ போட்டு இருக்கலாம். அது இந்த அம்மாளின் பெயர்தான்.

1974-ம் ஆண்டு ஆகஸ்டு 7-ந் தேதி, தாம் படித்து வேலை பார்த்த அதே ஆஸ்பத்திரியில் ஈரல் நோயால் இறந்தார். வயது 65.

தபால் தலை சேர்த்த அவருக்கு, 20 ஆண்டு கழித்து 1994-ல் அமெரிக்க அரசாங்கம் 20 சென்ட் தபால் தலை வெளியிட்டது. குழந்தை டாக்டர்களின் மாநாட்டில் அதற்கு விழா நடந்தது. அவர் செய்த நான்கு வாத்தியங்களையும் கொண்டுவந்து, குழந்தை டாக்டர்கள் நால்வர் வாசித்தார்கள். டெலிபோன் அறைப் பலகையில் செய்த வயோலாவும் அதில் இருந்தது.